கங்காணியின் மருந்துப் பெட்டி

கங்காணி மொக்கச்சாமிக்குத் தன் நிழல் மேலேயே ஒரு சந்தேகக் கண் உண்டு. போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் கூட்டிப் போகிற மற்றக் கங்காணிகள், ஒரு தைல பாட்டிலை மடியில் செருகிக்கொண்டு ஜீப்பு ஏறிவிடுவார்கள். இவரோ மருந்துப் பெட்டி கட்டவே ஒரு முழு நாளை ஒதுக்குவார்.

எழுபத்தெட்டாம் வருஷம் காய் எடுப்புக்குக் கிளம்பும்போதும் அப்படித்தான். மருந்துக்கடையில் டிஞ்சர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார், தண்ணீர் கலந்திருப்பானோ என்று. பஞ்சுச் சுருளைப் பிரித்து உள்ளே பழசைத் திணித்திருக்கிறானா என்று துழாவினார். காய்ச்சல் மாத்திரையைக் கடையில் ஒரு தடவை, தெருவில் ஒரு தடவை எண்ணினார்.

"அண்ணே, நம்பி வாங்குனாத்தான் மருந்து கேக்கும்" என்றார் கடைக்காரர்.

"மருந்த நம்புறேன்யா. விக்கிறவனத்தான் பாக்க வேண்டியிருக்கு."

அட்டைப்பூச்சி கடிக்குப் புகையிலையும் உப்பும், வயிற்றுக்கு ஓமத்தண்ணி, கத்திக்காயத்துக்குக் கட்டுத்துணி. எல்லாம் தகரப்பெட்டிக்குள் போய்ப் பூட்டு விழுந்தது. சாவி அரைஞாண் கயிற்றில் தொங்கியது. இத்தனை கவனமாகச் சேர்த்த மருந்தை அவர் யாருக்காவது மனதாரக் கொடுத்தாரா என்று கேட்டால், அதுதான் இல்லை. முந்தின வருஷம் ஒருத்திக்கு வந்த காய்ச்சல் ஆட்கள் தங்குகிற லயம் முழுக்கப் பரவி, பறிக்க ஆளில்லாமல் காய் பழுத்துக் கொட்டிவிட்டது. தோட்டத்து முதலாளி மொக்கச்சாமியை ஆள் முன்னால் வைத்துத் திட்டினார். அதிலிருந்து மொக்கச்சாமி ஒரு சட்டம் போட்டார். காய்ச்சல் மாத்திரை கேட்டு வருகிறவர் மறுநாள் ஜீப்பில் கீழே போய்விட வேண்டும். அந்த இடத்துக்கு வேறு ஆள் வரும், பிறகு அந்த வருஷம் மலையேற முடியாது. அப்படி ஒரு சட்டம் இருந்தால் எவள் வாயைத் திறப்பாள்?

மலைக்குப் போன மூன்றாவது வாரம் பெட்டியைத் திறந்து எண்ணினார். எட்டு மாத்திரை குறைந்தது. பூட்டு அப்படியே இருந்தது. மறுநாள் எண்ணினார், இன்னும் ரெண்டு இல்லை. அவருக்குச் சோறு இறங்கவில்லை. எவளுக்கோ காய்ச்சல் இருக்கிறது, மறைக்கிறாள். இல்லாவிட்டால் களவாண்டு பக்கத்துத் தோட்டத்தில் விற்கிறாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா, கூட்டிவந்த பதினாறு பெண்களும் அவருக்குக் களவாணிகளாகத் தெரிந்தார்கள். யார் இருமுகிறாள், யார் கம்பளியை இழுத்துப் போர்த்துகிறாள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரிந்தார்.

கடைசியில் சந்தேகம் வீரலட்சுமி மேல் போய் உட்கார்ந்தது. ராசிங்காபுரத்துக்காரி, புருஷன் இல்லாதவள், இந்த வருஷம்தான் புதுசாக வந்தவள். அவளும் மொக்கச்சாமியின் மனைவி சுந்தரம்மாளும் ஒரே நிரையில் காய் எடுப்பவர்கள். அந்த நிரையில் ஒரு ஏலச்செடித் தூரில் மாத்திரை சுற்றிய வெள்ளித்தாள் கிடந்தது.

தாளை நீட்டிக் கேட்டார். "இது ஏது?"

"நான் எடுக்கலண்ணே."

"அப்ப யாரு எடுத்தா?"

வீரலட்சுமி ஒரு தடவை சுந்தரம்மாளைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். பொம்பளைக்குப் பொம்பளை சிபாரிசு கேட்கிறாள் என்று மொக்கச்சாமி முடிவு கட்டினார். தனக்குத் தெரியாததே இல்லை என்கிற நினைப்பு அவருக்கு.

"நாளைக்கு ஜீப்புல ஏறிரு. ஒன் சோலி முடிஞ்சுச்சு."

காலையில் வீரலட்சுமி துணிமூட்டையோடு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். ஊரில் ரெண்டு பிள்ளைகள் இந்தக் கூலியை நம்பித்தான் இருந்தன. அவள் அழவில்லை. டிரைவர் வண்டியைக் கிளப்பும்போது சுந்தரம்மாள் லயத்திலிருந்து நடந்து வந்து, ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எறங்கு வீரலட்சுமி. நான் போறேன்."

"என்ன சொல்ற?" என்றார் மொக்கச்சாமி.

"மாத்திர எடுத்தது நான். நீங்க குளிக்கப் போறப்பச் சாவிய எங்கிட்டதான குடுத்துட்டுப் போவீக."

அப்போதும் பாருங்கள், அந்த மனுஷனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று. வீரலட்சுமியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாளோ என்றுதான் முதலில் நினைத்தார். பொய்யைப் பிடித்துவிடும் வேகத்தில் மனைவியின் நெற்றியில் கை வைத்தார். வைத்த கையை உடனே எடுத்துக்கொண்டார். அடுப்புச் சட்டியைத் தொட்டது போலிருந்தது.

"எத்தன நாளா?"

"அது ஆச்சு பத்து நாளு."

"எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"சொன்னா, காய் எடுக்க ஒடம்பு வளையாம நடிக்கிறேம்பீக. இருவது வருசமாப் பாக்குறேன்ல."

மொக்கச்சாமி இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் அப்படித்தான் சொல்லியிருப்பார். வீரலட்சுமி இறங்கி, சுந்தரம்மாளைக் கைத்தாங்கலாக ஏற்றி உட்கார வைத்தாள். தன் கம்பளியை அவள் மேல் போர்த்திவிட்டு, கங்காணியின் முகத்தைப் பார்க்காமலே நிரைக்கு நடந்தாள்.

மொக்கச்சாமி ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து, கைக்கு வந்த மாத்திரைகளை அள்ளிக்கொண்டு வந்து ஜீப்புக்குள் நீட்டினார்.

"வழியில ரெண்டு போட்டுக்க, ஆத்தா."

"வேணாம். எண்ணிக்க கொறஞ்சிரும்" என்றாள் சுந்தரம்மாள். பிறகு டிரைவரிடம் வெரசாப் போகச் சொன்னாள்.