சகாயராணி கடையை விட்டு முகம் வெளியே போகாது

கொடைக்கானலில் என் தைலக் கடைக்கு அடுத்த கடை சகாயராணியுடையது. போட்டோ கொடுத்தால் கப்பிலோ தலையணையிலோ அச்சடித்துத் தருவாள். மிஷினில் சூடு ஏறினால் மாப்பிள்ளை முகம் பச்சையாகிவிடும். அப்படிக் கெட்டதை அவள் முழுசாகக் குப்பையில் போடமாட்டாள். "குப்பப் பையக் கொரங்கு கிழிச்சா ஊரான் பொண்டாட்டி மூஞ்சி ரோட்டுல கெடக்கும்" என்பாள். கப்பைச் சாக்கில் சுற்றிச் சுத்தியலால் உடைப்பாள். தலையணை உறையில் முகத்தைத் துண்டு துண்டாக வெட்டுவாள். ஃபோனுக்கு வந்த படத்தையும் அன்றே அழித்துவிடுவாள். இதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வம் எனக்குப் பிடிக்கும்.

வட்டக்கானல் விடுதியில் வேலை பார்க்கும் ஆனந்தி, தன் காதலன் ரெக்ஸோடு மாலையும் கழுத்துமாக நிற்கும் படத்தைக் கொண்டுவந்தாள். பதிவுத் திருமணம். வீட்டுக்குத் தெரியாது.

"ஞாயித்துக்கெழம அண்ணன்கிட்ட நானே சொல்லப்போறேங்க்கா. அதுக்கு முன்னால வேற யாராச்சும் சொல்லித் தெரிஞ்சா என்னைய மன்னிக்கவே மாட்டாரு."

அண்ணன் பாலகுமார் ஜீப் ஓட்டுபவன். தாய் தகப்பன் போன பிறகு அவளை வளர்த்தவன் அவன்தான்.

முதல் கப் பச்சையடித்துவிட்டது. ஆனால் ஆள் யாரென்று தெரியாத அளவுக்குக் கெடவில்லை. இரண்டாவதை ஆனந்தியிடம் கொடுத்தனுப்பிவிட்டுச் சுத்தியலை எடுத்தால், முதல் கப்பைக் காணோம்.

"நாந்தேன் எடுத்தேன்" என்றாள் கடை கூட்டும் மூக்கம்மா. "உசுரோட இருக்கவுக மூஞ்சிய ஒடைக்கப்படாது தாயி. அதுவும் மாலையும் கழுத்துமா நிக்கிற புள்ளைக. மலைச்சாமி டீக்கடைக்குக் குடுத்துட்டேன்."

ஜீப் டிரைவர்கள் எல்லோரும் டீ குடிப்பது அங்கேதான். சகாயராணி திட்டக்கூட நிற்காமல் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன், வேடிக்கை பார்க்கத்தான், வேறென்ன.

பாலகுமார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மலைச்சாமி அந்தக் கப்பில் டீயை ஊற்றி, "பாலு, இன்னிக்கு ஒனக்குப் பெரிய கப்பு" என்று அவன் பக்கம் திரும்பினார். சகாயராணி நடுவில் கையை நீட்டிக் கப்பை வாங்கி, படத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"இது எனக்கு. தம்பிக்கு கிளாஸ்ல குடுங்கண்ணே. குளுருல கை வெறைச்சுப்போச்சு."

"குடிங்க்கா, குடிங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று அவன் சிரித்தான்.

ஆவி பறக்கிற டீ. அவள் கையை எடுக்கவேயில்லை. இந்த சீசனில் கூட்டம் எப்படி என்று அவனிடம் விசாரித்துக்கொண்டே கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பிறகு, "இது எங்க கடைக் கப்புண்ணே, தெரியாம வந்துருச்சு" என்று மலைச்சாமியிடம் சொல்லிவிட்டுக் கையோடு கொண்டுவந்தாள்.

அதை அவள் உடைக்கவில்லை. உப்புத்தாளால் படத்தைத் தேய்க்க உட்கார்ந்தாள். வெந்த கைக்குப் பிடி நிற்கவில்லை. மூக்கம்மா பார்த்தாள்.

"குடு தாயி இங்கிட்டு. ஒடைக்காம அழிக்கிறதுன்னா நானே வெரசாத் தேச்சுருவேன்."

முகம் போய், கப் வெள்ளையானது. அன்றிலிருந்து கெட்ட கப் எல்லாம் மூக்கம்மாவின் சோலி.

திங்கட்கிழமை பாலகுமார் கடைக்கு வந்து ஃபோனை நீட்டினான். அதே படம்.

"எந்தங்கச்சி. நேத்துத்தேன் சொன்னா. கோவந்தேன், இல்லேங்கல. ஆனா அடுத்தவன் வந்து சொல்லி நான் கேக்கலக்கா. அவளே வந்து, மொத ஆளா எங்கிட்டச் சொன்னா. அதுல மனசு ஆறிருச்சு. எனக்கும் ஒரு கப்பு போட்டுத் தாங்க."

சகாயராணி அப்போதுதான் பார்ப்பவள் போலப் படத்தைப் பார்த்தாள். "புள்ள அழகா இருக்காளே" என்றாள்.

கப் நன்றாக வந்தது. அதை நீட்டியபோது அவள் உள்ளங்கையைப் பார்த்து அவன் பதறினான்.

"கை என்னாச்சுங்க்கா?"

"டீ கொட்டிருச்சு தம்பி."