நைனாவைவிட உயரமான மெழுகுவர்த்தி

எங்கள் அம்மா மாதாவிடம் எதையும் கேட்கவே மாட்டாள். ஊரே கோயிலில் முட்டி போட்டு அதைக் கொடு, இதைக் கொடு என்று அழுதுகொண்டிருக்கும். இவள் மட்டும் "தோத்திரம் மாதாவே" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவாள். கூடையில் மீன் இருந்தாலும் தோத்திரம், இல்லாவிட்டாலும் தோத்திரம். ஒருமுறை மீன் விற்கப் போன இடத்தில் கூடையே களவு போனது. அதற்கும் தோத்திரம் சொன்னாள். என் அத்தைக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

சாந்தோம் கடற்கரையில் எங்கள் குடிசை. நைனா ஒற்றையாளாகக் கட்டுமரத்தில் போகிறவர். எனக்கு ஏழு வயது இருக்கும்போது, ஐப்பசியில் ஒருநாள் காற்று திரும்பியதும் கடலுக்குப் போன எல்லோரும் கரையேறிவிட்டார்கள். நைனா மட்டும், போட்ட வலையை விட்டுவர மனசில்லாமல் நின்றாராம். அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை.

வீடு நிறையப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு ஒரே கொண்டாட்டம். ஆளாளுக்கு மடியில் தூக்கி வைத்துப் பொரி கொடுத்தார்கள். நைனாவின் தங்கையான அத்தை, ஒப்பாரியை எடுக்கலாமா வேண்டாமா என்று தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தாள். அம்மா முறைத்த முறைப்பில் அடங்கினாள்.

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, ஆள் குள்ளம். என்னைக் கண்டால் சிரிக்காமல் இருக்கமாட்டார், அன்று சிரிக்கவில்லை. கையில் நீளமாக ஒரு நூல், அதன் ஒரு முனையில் முடிச்சு. எனக்குக் காத்தாடி விடத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா..." என்றார்.

அம்மா நூலைப் பார்த்தாள். மாமாவின் முகத்தைப் பார்த்தாள். எழுந்துவந்து நூலை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"தோத்திரம் மாதாவே! நல்ல வேளடா, நூல் எட்தாந்தே. உங்க மச்சான் ஒசரத்துக்கு மெழுவர்த்தி வெக்கணும்னு அளவு நூல்தான் தேடிகினு இருந்தேன்."

ஆபத்தில் தப்பி வந்தவர் உயரத்துக்கு மெழுகுவர்த்தி செய்து கோயிலில் வைப்பது எங்கள் பக்கத்து நேர்த்திக்கடன். ஆனால் ஆள் வந்த பிறகுதான் வைப்பார்கள். வராத ஆளுக்கு யாராவது நன்றி சொல்வார்களா?

"அண்ணன் இன்னும் வர்லியே அண்ணி!" என்றாள் அத்தை.

"வரட்டும், அப்பால சொல்லிக்கலாம்னு குந்திகினு இருந்தா மாதா இன்னா நெனைப்பா? இவ நம்மள நம்பவே இல்லன்னு நெனைக்க மாட்டா?"

சரி, அளவுக்கு எங்கே போவது? மாமாவை நிற்கச் சொன்னாள். அவர் நெளிந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனிதருக்குக் கூச்சம் போலிருக்கிறது என்று நான் சிரித்தேன். அவரைவிட நைனா ஒரு சாண் உயரம் என்றாள் அம்மா. அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க அண்ணன் இன்னா ஒரு சாண்தானா? வாசக்கட்டைல தெனம் தலைய இட்சிக்கறது யாரு?" நூல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அழ வந்த பெண்களெல்லாம் அழுகையை விட்டுவிட்டு ஆளுக்கொரு உயரம் சொன்னார்கள். கடைசியில் அத்தைதான் ஜெயித்தாள்.

மழைக்காலத்துக்கென்று பானையில் சேர்த்திருந்த கருவாடு முழுவதையும் மெழுகுவர்த்திக்காரருக்குக் கொடுத்துவிட்டாள் அம்மா. மெழுகுவர்த்தி தயாரானதும் நானும் மாமாவும் லஸ் பக்கம் போய் அதை வாங்கினோம். டிராமில் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார் கண்டக்டர். "மன்சன்னா ஏத்தலாம். இது மன்சனவிட ஒசரமா கீதே!" மாமா தோளில் சுமந்து நடந்தே வந்தார். வீட்டுக்குள்ளும் அது நுழையவில்லை. வெளியே சுவரில் சாய்த்துவைத்தோம்.

சாயங்காலம் அம்மா அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். வாசல்கட்டையில் மடாரென்று ஒரு சத்தம்.

"எத்தினி தபா சொல்றது, குனிஞ்சி வான்னு! கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமலே, தினமும் வைகிற மாதிரி.

பிறகுதான் அகப்பை கையிலிருந்து விழுந்தது. அத்தனை நேரமும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், நைனாவின் காலைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி தேம்பினாள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்ற நைனாவின் தோளில் ஏறிக்கொண்டேன். காற்று அவரைக் கோவளம் பக்கம் கொண்டுபோய்த் தள்ளியிருக்கிறது. கட்டுமரமும் வலையும் போய்விட்டன. அந்த ஊர்க்காரர்கள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு, கரையோரமாகவே நடந்து வந்திருக்கிறார்.

வெளியே போய் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் நின்றார். அது அவர் தலைக்கு மேலே ஒரு முழம் இருந்தது.

"இன்னாமே, இது எனக்கா, வேற எவனுக்காவதா?"

"உப்புத்தண்ணில ஊறி நீதான் சுருங்கிட்டே அண்ணா!" என்றாள் அத்தை. கண்ணீரும் சிரிப்புமாக அம்மாவுக்குப் புரையேறியது.

மறுநாள் மெழுகுவர்த்தியைக் கோயிலில் வைத்துவிட்டு வந்ததும், நான் அந்த நூலைக் காத்தாடிக்குக் கேட்டேன். அம்மா அதை அடுப்பில் போட்டுவிட்டாள். நல்ல முறுக்கு நூல்! அதை யாராவது அடுப்பில் போடுவார்களா? நான் புரண்டு அழுதேன். "வாணாங் கண்ணு, மாமா புச்சா வாங்கித் தரேன்" என்று சொன்ன மாமா என்னைவிட அதிகமாக அழுதார். ஒரு நூலுக்குப் போய் இவ்வளவு பெரிய ஆள் அழுகிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

நான் வளர்ந்த பிறகு பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் செத்துப்போனார். சவப்பெட்டி செய்கிற தச்சர் வந்தார். அவர் கையில் ஒரு முனையில் முடிச்சுப் போட்ட நூல். அதைத் தலையிலிருந்து கால்வரை பிடித்து அளந்தார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவரே சொன்னார்.

திருவான்மியூர்ப் பக்கம் ஓர் உடல் ஒதுங்கியிருக்கிறது என்று, நைனா காணாமல் போயிருந்தபோது யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள். தச்சர் கொடுத்த நூலோடு அடையாளம் பார்க்கப் போகிற வழியில்தான், அக்காவிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று மாமா வந்திருக்கிறார். அங்கே ஒதுங்கியிருந்தது நைனாவின் வெறும் கட்டுமரமும் கிழிந்த வலையும்தானாம். அது அப்போது அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் அது என்ன நூல் என்பது பார்த்ததுமே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் தோத்திரம் சொல்லிப் பிடுங்கிக்கொண்டாள்.