ஆளில்லாத வீட்டில் ஒரு மூச்சு

லிப்ட் மெக்கானிக்குக்கு ஒரே ஒரு கிறுக்கு. எப்போதோ செத்துப்போன பெரிய எழுத்தாளர் ஒருவர் ஆளில்லாத வீட்டைப் பற்றி எழுதிய நாவலை, அத்தியாயத்துக்கு ஒரு பாட்டாக, வார்த்தையே இல்லாத இசை ஆல்பமாக்க வேண்டும். மூன்று வருட லீவு நாட்களை அது தின்றுவிட்டது. லிப்ட் குழிக்குள் இறங்கி, இரும்புக் கயிறு முனகுவதையெல்லாம் பதிவு செய்துகொண்டு வந்தார்.

வீட்டில்தான் வினை. அவர் கீபோர்டில் கை வைத்தால் போதும், சொல்லி வைத்த மாதிரி அடுத்த அறையில் மாமனாரின் மதியக் குறட்டை ஆரம்பித்துவிடும். கதவில் மெத்தையைச் சாத்தி வைத்தும் நான்காவது பாட்டுக்குள் அது புகுந்துவிட்டது. தலைகீழாக நின்றும் அழிக்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே இணையத்தில் வெளியிட்டார்.

மச்சினன் இருபது நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாட்டு எப்ப மாமா ஆரம்பிக்கும்?" என்றான்.

ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு பாராட்டு வந்தது. மனைவி போனைப் பார்த்து உரக்கப் படித்தாள்: "மத்ததெல்லாம் சுமார்தான். நாலாவதுல மட்டும் அந்த வீடே மூச்சு விடுது. எப்படிங்க செஞ்சீங்க?"

படுத்திருந்த மாமனார் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "அடுத்த ஆல்பத்துக்கு நான் எத்தன மணிக்குப் படுக்கணும், மாப்பிள்ளை?"