ஓரத்தில் வரைந்த கை

போன வாரம் விருதுநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆதார் அட்டையை லேமினேஷனுக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். சூடான பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியது. கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்து, "ஓரத்தை வெட்டிரவா அண்ணாச்சி?" என்றார்.

"வேண்டாம்!" என்று கத்திவிட்டேன்.

கடையில் இருந்த நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் கத்தரிக்கோலை மெதுவாக மேசைமேல் வைத்தார். வெறும் பிளாஸ்டிக் ஓரத்துக்காக ஒரு நரைத்த ஆள் இப்படிப் பதறினால் ஊர் என்ன நினைக்கும் என்பது எனக்குத் தெரியாமலில்லை. காரணத்தைக் கேட்க அவருக்கு நேரமில்லை. உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த வாசனை என்னை எப்போதும் சிவகாசிக்குத்தான் கூட்டிப்போகும். மற்றவர்களின் இளமைக்கு மல்லிகை, மரிக்கொழுந்து என்று ஏதாவது வாசனை இருக்கும். என்னுடையதற்கு லேமினேஷன் பசையும் ரோலர் துடைக்கிற மண்ணெண்ணெயும். அங்கே ஓர் ஆஃப்செட் கம்பெனியில் ஆர்டர் பார்க்கிற வேலை எனக்கு. காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டி லேபிள் என்று எது வந்தாலும் அதை ஒரு மஞ்சள் கவரில் போட்டு, என்னென்ன செய்ய வேண்டும் என்று மேலே சிவப்பு மையால் எழுதுவேன். ஜாப் கவர் என்பார்கள். கவர் மேல் எழுதியிருப்பது நடக்கும், எழுதாதது நடக்காது. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெரிய மரியாதை இருந்தது, ஏனென்றால் எழுதுகிறவன் நான்.

பழைய புத்தகப் பித்துப் பிடிப்பதற்கு அது தோதான ஊர் இல்லை. அங்கே பழைய புத்தகம் என்றால் வெடிக்குக் குழாய் சுற்றுகிற காகிதம் என்று பொருள். ஆனால் மிஷின் விற்கிற ஒரு வெளிநாட்டுக் கம்பெனி எங்களுக்கு இலவசமாக ஒரு பத்திரிகை அனுப்பிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் அதன் வழவழப்பான தாளைத் தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். நான் படித்துத் தொலைத்தேன். ஐரோப்பாவில் அச்சு பிறந்து முதல் ஐம்பது வருஷத்துக்குள் வந்த புத்தகங்களுக்குத் தொட்டில் புத்தகங்கள் என்று பெயராம். அவற்றைச் சேகரிக்கவென்றே உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்களாம். முழுப் புத்தகம் வாங்கக் கோடீஸ்வரனாக இருக்க வேண்டும். ஆனால் சிதைந்துபோன புத்தகங்களின் தாள்களைக் கோழிக்கறி மாதிரி தனித்தனியாகவும் விற்பார்களாம். அந்த வரியைப் படித்த அன்றே நான் கெட்டேன்.

லண்டன் கடை ஒன்றுக்குக் கடிதம் எழுதி, பல மாதம் போனபின், இரண்டு அட்டைகளுக்கு நடுவே ஒரு தாள் விமானத் தபாலில் வந்தது. வீட்டில் "ஆபீஸ் சாம்பிள்" என்று சொன்னேன். எனக்குள் "என் சேகரிப்பு" என்று சொல்லிக்கொண்டேன். ஒரு தாளுக்கு அது கொஞ்சம் பெரிய சொல்தான்.

வெனிஸில் அச்சடித்த லத்தீன் பிரசங்கம். எனக்கு லத்தீன் தெரியாது. இதில் வெட்கம் ஒன்றுமில்லை. சிவகாசியில் தெரிந்த மொழியில் மட்டும்தான் அச்சடிப்போம் என்றிருந்தால் பாதி கம்பெனிகளை மூடவேண்டியிருக்கும். இரண்டு பத்தி எழுத்து, நடுவில் கையால் தீட்டிய ஒரு சிவப்பு எழுத்து, மூலையில் ஒரு பூச்சி ஓட்டை. இவையெல்லாம் விலைப்பட்டியலில் இருந்தன. பட்டியலில் இல்லாத ஒன்று இடதுபக்க ஓரத்தில் இருந்தது. யாரோ ஒரு வாசகன், ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால், பழுப்பு மையில் ஒரு சின்னக் கை வரைந்திருந்தான். மணிக்கட்டில் சுருக்கம் வைத்த சட்டைக்கை. ஆள்காட்டி விரல் மட்டும் முருங்கைக்காய் நீளத்துக்கு நீண்டு ஒரு வரியைக் காட்டியது. கைக்குக் கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி.

அச்சைவிட அந்தக் கைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அவன் ஏதோ ஓர் இடத்தில் நின்றிருக்கிறான். ஒத்துக்கொண்டானோ, "போடா" என்று திட்டினானோ. அதைத் தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராது என்ற நிலைக்கு வந்தேன். மதுரையில் லத்தீன் தெரிந்த ஒரு பாதிரியாருக்கு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை தாளோடு வரச்சொல்லிப் பதில் போட்டார்.

அதுவரை சும்மா இருந்திருக்கலாம். தாளைக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். எங்கள் முதலாளி அண்ணாச்சி அதைக் கையில் வாங்கி முதலில் பார்த்தது பூச்சி ஓட்டையைத்தான்.

"என்ன தம்பி, அரிச்ச தாளையா வாங்கியிருக்கீக?"

"ஐந்நூறு வருஷம் அண்ணாச்சி."

தாளைக் காதோரம் வைத்து மெல்ல ஆட்டினார். முகம் மாறியது. "ஏலே தங்கராசு, இங்கன வா. சத்தத்தைக் கேளு. துணிய அரைச்சுச் செஞ்ச தாளுலே இது." பிறகு விளக்குக்கு நேரே பிடித்தார். முன்பக்கத்து வரிகள்மேல் பின்பக்கத்து வரிகள் அச்சாக உட்கார்ந்திருந்தன. "கையால அமுக்கி இம்புட்டுச் சுத்தமாக் கொண்டாந்திருக்கான். நாம ஜெர்மன் மிஷினை வச்சுக்கிட்டு, கலர் விலகி, காலண்டர் லட்சுமிக்கு ரெண்டு மூக்கு வச்சு அனுப்புதோம்."

கட்டிங் மாஸ்டர் தங்கராசு அந்த ரெண்டு மூக்குக்குத் தான் பொறுப்பில்லை என்பதுபோல் நின்றான். என் வயதுதான் அவனுக்கு. கத்தி அவன் கையில் இருந்தால் ஆயிரம் லேபிளில் ஒன்றுகூட முடியளவு பிசகாது. தாளின் கரடுமுரடான ஓரங்களைக் கவலையோடு பார்த்தான்.

"வெட்டாமலே குடுத்திருக்கானே அண்ணே."

"அதுதாண்டா அழகு" என்றேன். அவன் நம்பவில்லை.

அது தீபாவளி லேபிள் சீசன். மிஷின்கள் நிற்கவே இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் தாளைக் காட்டிக்கொண்டிருந்தபோது, விருதுநகர் மிளகாய் மண்டிக்காரர் ஒருவரிடம் புரூஃபைக் காட்டிக் கையெழுத்து வாங்கிவரச் சொல்லி அண்ணாச்சி அனுப்பினார். தாள் கசங்கக் கூடாதே என்று விறைப்பான கவர் ஒன்றைத் தேடினேன். மேசையில் முடிந்துபோன ஆர்டரின் காலிக் கவர் கிடந்தது. அதற்குள் பத்திரமாக வைத்து, மேசைமேலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

மத்தியானம் திரும்பி வந்தபோது தங்கராசு வாசலிலேயே நின்றான். கல்யாண வீட்டில் நிற்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

"இங்கன வாங்கண்ணே. டீ வாங்கித் தரணும் நீங்க."

மேசைமேல் என் தாள் பளபளவென்று கிடந்தது. நான்கு பக்கமும் நேர்க்கோடு. இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி லேமினேஷன். குமிழி இல்லை, சுருக்கம் இல்லை. இடதுபக்க ஓரம் இல்லை.

"மொதல்ல எனக்கே மனசு வரலண்ணே" என்றான். "ரெண்டு தடவ கவரைத் திருப்பிப் பாத்தேன். உங்க கையெழுத்துதான். சரி, கெளவனைக் குளிப்பாட்டி விடச் சொல்லுதீகன்னு செஞ்சிட்டேன். ஓரத்துல எவனோ கிறுக்கி வச்சிருந்தான், அதுவும் போயிருச்சு. என்னண்ணே, இப்பிடி முளிக்கீக?"

கவரை எடுத்துப் பார்த்தேன். சிவப்பு மையில், எனக்கே பெருமையான என் எழுத்தில்: 'நாலு பக்கமும் டிரிம். ரெண்டு பக்கமும் லேமினேஷன். அர்ஜென்ட்.'

திட்டுவதற்கு ஆள் தேடினேன். அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை. "நல்லா வந்திருக்கு" என்றேன். உண்மையிலேயே நன்றாகத்தான் வந்திருந்தது.

"வெட்டுன துண்டு எங்கடா?"

"வேஸ்ட் மூடை அப்பவே நாரணாபுரம் போயிருச்சே. கிஃப்ட் பாக்ஸுல வெடிக்கு அடியில பரப்ப."

அண்ணாச்சியின் மொபெட்டை எடுத்துக்கொண்டு நாரணாபுரம் போனேன். பேக்கிங் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து பெட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கால்சட்டையோடு மூட்டைக்குள் தலையை விட்டுத் துழாவியதைப் பார்த்து ஓர் அக்கா கேட்டார்: "என்னய்யா தேடுதீக? மோதிரமா?"

"கை. சின்னதா, கோடு போட்ட கை."

"கையைத் தொலைச்சிட்டா இம்புட்டு தூரம் வந்தீக?" கொட்டகை சிரித்தது. ஆனாலும் கை வேலையை நிறுத்திவிட்டு இரண்டு மூட்டையை எனக்காகக் கொட்டித் தேடினார்கள். வலதுபக்கத்து வெற்று ஓரம் கிடைத்தது. கீழ் ஓரத்தில் பாதி கிடைத்தது. மூன்றாவது மூட்டை பெட்டிகளில் பரப்பப்பட்டு, அரைமணி நேரத்துக்கு முன்னால் பீகார் லோடில் ஏறிப் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கை இல்லாத தாளோடு மதுரைக்குப் போனேன். பாதிரியார் பளபளப்பில் கண் கூசாமல் இருக்கத் தாளை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பொறுமையாகப் படித்தார். பொறுமையைப் பற்றிய பிரசங்கம்தான் என்றார். "கை எந்த வரியைக் காட்டுச்சு?" என்று கேட்டார். ஒரு வரியைத் தொட்டேன். பிறகு அதற்கு மேலே இன்னொன்றைத் தொட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, காப்பி சாப்பிடலாமா என்றார்.

இப்போது அந்தக் கம்பெனி இல்லை. அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. மஞ்சள் கவரும் போயிற்று. ஆர்டரெல்லாம் போனிலேயே வருகிறது. சேகரிக்கிற ஆசை மட்டும் எனக்குப் போகவில்லை. இன்று என்னிடம் ஏழு தாள்கள் இருக்கின்றன, ஒன்றும் லேமினேஷன் ஆகவில்லை. என் பிரசங்கப் புத்தகத்தை முழுசாகவே ஓர் ஐரோப்பிய நூலகம் இணையத்தில் ஏற்றிவிட்டது. கட்டிலில் படுத்தபடி போனில் புரட்டுகிறேன். என் பக்கம் அதில் அட்சரம் பிசகாமல், பூச்சி ஓட்டைகூட இல்லாமல் இருக்கிறது. வேறு நூலகங்களிலும் பிரதிகள் உண்டாம். ஆக, தங்கராசு பிளாஸ்டிக்குக்குள் பத்திரப்படுத்தியது உலகத்தில் எங்கும் கிடைக்கிற சரக்கு. அவன் வெட்டியது ஒரே பிரதி.

அது என்னிடம் பதினோரு நாள் இருந்தது. பதினோரு நாளில் முப்பது பேருக்காவது காட்டியிருப்பேன். என் மேசைக்குப் பின்னால், ஒரு கதவுக்கு அந்தப் பக்கம், ஆள் உயரத்துக்கு அச்சகக் கேமரா ஒன்று சும்மா நின்றது. பையில் பேனாவும் இருந்தது. அந்த இரண்டு வரியை ஒரு துண்டுச் சீட்டில் பார்த்து எழுத இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.