தேங்காய் ஒரு பக்கம், மீட்டர் ஒரு பக்கம்

நிலத்தடித் தண்ணீர் பார்த்துச் சொல்லும் தொழிலில் ஒரு பெரிய வசதி உண்டு: தண்ணீர் வந்தால் அது நம் திறமை, வராவிட்டால் அது அவர்கள் நேரம். போர்வெல் போட்டுத் தண்ணீருக்குப் பதில் கல் புகையை மட்டும் பார்த்த வாசகர்களே, நீங்கள் இதைப் படித்ததும் பல்லைக் கடிப்பீர்கள். தாராளமாகக் கடிக்கலாம். ஆனால் இந்தத் தொழிலில் நான் வாயைப் பிளந்துகொண்டு நின்ற சில சமயங்களைச் சொன்னால், கொஞ்சமாவது மன்னிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த சமயம். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ரேடியோ, டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். ஏழுமலை அண்ணன் பக்திப் பாட்டு கேசட் சிக்கிக்கொண்ட டேப் ரெக்கார்டரோடு கடைக்கு வந்தார். கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர். நெற்றி நிறைய விபூதி, பௌர்ணமி தவறாத கிரிவலம். நானோ எதையும் முள் நகர்ந்தால்தான் நம்புகிறவன். ஈர மண்ணில் கரண்ட் சுலபமாக ஓடும், அதை வைத்தே தண்ணீர் பார்க்கும் மீட்டர் செய்யலாம் என்று பேச்சுவாக்கில் அளந்துவிட்டேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "தேங்கா எங்க கீதுன்னு சொல்லும், எத்தினி அடின்னு சொல்லாது. நீ செய் சேகரு, ரெண்டு பேரும் சேந்து பண்ணலாம்" என்றார். இப்படித்தான் எண்ணெயும் தண்ணீரும் கூட்டு சேர்ந்தன.

எழுந்து நின்ற தேங்காய்

கூட்டு சேருமுன் அவருடைய வித்தையைப் பார்த்துவிட வேண்டும் என்று ஊருக்கு வெளியே ஒரு தரிசு நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்து, கையை நீட்டிக்கொண்டு நடந்தார். பாதி நிலம் தாண்டியதும் தேங்காய் அசைந்தது. இன்னும் இரண்டு எட்டு வைத்ததும் குடுமி மேலே பார்க்க எழுந்து நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. விரலால் ஏதாவது செய்கிறாரா என்று கீழே உட்கார்ந்து பார்த்தேன். விரல்கள் விறைப்பாகத்தான் இருந்தன.

பிறகு நான் வாங்கிக்கொண்டு நடந்தேன். அது கல்யாண வீட்டில் சாப்பிட்ட மாமாவைப் போலப் படுத்தே கிடந்தது. இதற்கெல்லாம் ஓ பாசிட்டிவ் ரத்தம் வேண்டும் என்றார் அண்ணன். விடுவேனா, மறுநாளே ரத்தம் கொடுத்துப் பரிசோதித்தேன். எனக்கும் அதே ஓ பாசிட்டிவ். வெற்றியோடு போய்ச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"ரத்தம் ஒண்ணா இருந்தா போதுமா சேகரு, தேங்காவுக்கு ஒன்னப் புடிக்கணுமே."

டப்பாவுக்குப் பொட்டு

பழைய ஆம்ப்ளிஃபயரில் இருந்து முள்ளும், டிரான்சிஸ்டர் ரேடியோவில் இருந்து உடம்பும் எடுத்து மீட்டரைச் செய்து முடித்தேன். நான்கு இரும்புக் கம்பிகளை வரிசையாக மண்ணில் இறக்கி, ஒயர் மாட்டி, பட்டனை அழுத்தினால் முள் சொல்லும். கடை வாசல் மண்ணில் வைத்து முதன்முதலாக முள் துள்ளியபோது, அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "பூமிக்குள்ள இருக்கிறது டப்பாவுல தெரியுதா" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் தேங்காயைப் பார்த்து நான் எப்படி நின்றேனோ, அப்படித்தான் அவர் மீட்டர் முன்னால் நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை கடைக்குப் போனால், மீட்டருக்கு விபூதிப் பட்டை, குங்குமம், சாமந்திச் சரம். குங்குமத் தூள் கண்ணாடிக்குள் இறங்கி முள் சிக்கிக்கொண்டது. துடைத்தால் மீண்டும் வைப்பார். ஊதுபத்திப் புகை தெருவரை போனது. பக்கத்து டீக்கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரேடியோ கடையா கோயிலான்னு தெரியாம ஒருத்தர் செருப்ப என் கடையாண்ட உட்டுட்டு ஒங்க கடைக்குள்ள போனாரு, பாத்துக்கங்க."

கன்னியம்மாவின் கேள்வி

முதலில் தெரிந்தவர்கள் நிலங்களில் சோதனை செய்து பார்த்தோம். நான் ஆடிப்போய்விட்டேன். தேங்காய் எங்கெல்லாம் எழுந்து நின்றதோ, அங்கெல்லாம் மீட்டர் முள்ளும் கோடி வரை போனது. தேங்காய் படுத்த இடத்தில் முள்ளும் படுத்தது. ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. எத்தனையோ தலைமுறை நம்பிக்கையை என் டப்பா நிரூபித்துவிட்டது என்று நினைத்து, ராத்திரி தூக்கமே வரவில்லை.

இந்தச் சந்தோஷத்தோடு, எங்களைக் கூப்பிட்டிருந்த கன்னியம்மா என்ற பெண்ணின் நிலத்துக்குப் போனோம். ஏற்கனவே இரண்டு போர் போட்டு, இரண்டிலும் புகைதான். புருஷன் மணி பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். மூன்றாவது போருக்கு மேல் அவர்களால் முடியாது. தண்ணீர் வந்தால் மணி ஊருக்குத் திரும்புவான், வராவிட்டால் கன்னியம்மா வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளோடு பெங்களூருக்குப் போய்விடுவாள். அதனால் அவள் எங்களை விட்டு ஒரு அடி நகரவில்லை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். தேங்காய் நின்றது. அண்ணன் வழக்கம்போல அந்த இடத்தில் கற்பூரம் ஏற்றி, ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை ஊற்றிப் பூமாதேவியிடம் உத்தரவு கேட்டார். சாமி கும்பிடாமல் பூமியில் கம்பி குத்தக் கூடாது என்பது அவர் கட்டளை. பிறகு நான் கம்பியை இறக்கினேன். முள் கோடிக்குப் போனது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

"ஏங்க, இப்ப நீங்க ஊத்துன தண்ணிய நீங்களே கண்டுபுடிச்சிட்டு சிரிக்கிறீங்களா?"

ஈசானிய மூலை

எங்கள் பேச்சை நம்பி அதுவரை யாரும் போர் போடவில்லை என்பது அண்ணாமலையார் கருணை. அன்றிலிருந்து கம்பி முதலில், பூஜை பிறகு என்று மாற்றினோம். அதோடு ஒற்றுமை போயிற்று. தேங்காய் கிழக்கே நின்றால் மீட்டர் மேற்கே கை காட்டியது. வழியெல்லாம் சண்டை. "ஒன் டப்பாவுக்கு பேட்டரி கம்மி" என்பார். "உங்க தேங்காய் முத்தல்" என்பேன். கன்னியம்மாவுக்கு மட்டும் இரண்டும் ஒத்து வந்த பிறகுதான் இடம் சொல்வது என்று முடிவு செய்திருந்தோம். அவளும் காத்திருந்தாள்.

வேங்கிக்காலில் ஒரு அரசு ஊழியர் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைக்குப் போயும் அதே சண்டைதான். தேங்காய் தென்மேற்கில் நின்றது, மீட்டர் நடு வாசலைக் காட்டியது. வெயிலில் நாங்கள் இருவரும் மாறி மாறி விளக்கம் சொல்ல, அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மனைப் படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"தண்ணி எங்க வேணா இருக்கட்டும் சார், ஈசானிய மூலைக்கு எப்படி வரும்னு மட்டும் சொல்லுங்க."

தேங்காய் கேட்ட வெள்ளைக்காரர்

ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ் தோட்டத்தில் இடம் பார்க்கப் போனோம். அங்கே வருஷக்கணக்காகத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், அவர் ஊரில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், என் மீட்டரைத் திறந்து காட்டச் சொன்னார். டாக்டர் மாதிரி ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சரியான முறைதான் என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அண்ணன் முகம் வாடிப்போனது.

பிறகு அவர் தேங்காயைக் கேட்டு வாங்கினார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்தார். கிணற்றடி மாமரத்துக்குப் பக்கத்தில் தேங்காய் அவர் உள்ளங்கையில் எழுந்து நின்றது. எழுந்து நின்றதோடு விடாமல் மெல்லச் சுற்றவும் செய்தது. அண்ணன் கண்ணில் தண்ணீர். எனக்கோ பொறாமையில் வயிறு எரிந்தது, உள்ளுக்குள் புல்லரிக்கவும் செய்தது. எந்த தேசத்திலோ பிறந்தவர் கையில் நிற்கிறது, உள்ளூர்க்காரன் என் கையில் படுத்துவிடுகிறது. அவர் தேங்காயைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. தெளிவான தமிழில் சொன்னார்:

"மீட்டர் எங்க ஊர்ல நிறைய இருக்கு, இதை மட்டும் நான் வச்சுக்கிறேன்."

லாரி நின்ற இடம்

கன்னியம்மாவால் அதற்குமேல் காத்திருக்க முடியவில்லை. மணி வேலை செய்யும் இடத்திலேயே தங்க ஒரு அறை கிடைத்துவிட்டது, வருகிறாயா இல்லையா என்று கேட்டுவிட்டான். அவள் போர் லாரியை வரவழைத்துவிட்டாள். நாங்கள் ஓடினோம். தேங்காய் கிழக்கு வரப்போரம் நின்றது. மீட்டர் மேற்கே பனைமரத்தடியைக் காட்டியது. மறுபடி பார்த்தோம், மறுபடியும் அதே. ஒரு குடும்பத்தின் தலையெழுத்து எங்கள் கையில் இருந்தது. அண்ணன், "ஒன் டப்பா சொன்ன எடத்துலயே போடட்டும்பா" என்றார். நான், "இல்லண்ணா, தேங்கா சொன்ன எடத்துலயே போடட்டும்" என்றேன். முதல் முறையாக ஒருவரை ஒருவர் நம்பினோம், அதிலும் சண்டைதான் வந்தது.

நாங்கள் பேசி முடிக்குமுன், நிலத்துக்குள் வந்துகொண்டிருந்த லாரியின் பின்சக்கரம் நடு வயலில் இறங்கிக்கொண்டது. முந்தின வாரம் பெய்த கோடை மழையும் புது உழவும் சேர்ந்து மண்ணை இளக்கியிருந்தன. டிரைவர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். இறங்கிப் பார்த்துவிட்டு, "வண்டிய எடுக்கோணும்னா இன்னொரு வண்டி வரோணுமுங்க. ஜாக்கி போட்டு நிறுத்தி இங்கயே போர் ஓட்டலாம், என்ன சொல்றீங்க?" என்றார். கன்னியம்மா எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். "இவங்க ரெண்டு எடம் சொல்றாங்க, வண்டி ஒரே எடந்தான் சொல்லுது. இங்கியே போடுங்க" என்றாள்.

புகை வந்தது. வெள்ளை வெளேரென்று கல் புகை. வந்துகொண்டே இருந்தது. கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அண்ணன் உதடு முணுமுணுத்தது. எந்தச் சாமியென்று தெரியாமல் நானும் முணுமுணுத்தேன். இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம் என்று டிரைவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே புகையின் நிறம் மாறியது. ஈரக் கட்டிகள் விழுந்தன. அடுத்து சேறு. அடுத்து, பாறையைப் பிளந்துகொண்டு தண்ணீர் லாரி உயரத்துக்கு எழுந்தது. சேற்று மழையில் எல்லோரும் அண்ணாந்து நின்றோம். அண்ணன் அப்படியே மண்ணில் விழுந்து கும்பிட்டார். அவர் பக்கத்தில் நானும் விழுந்தேன். என் மீட்டர் முழுக்க நனைந்து, முள் கோடிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. எவ்வளவு காலமாக அந்தத் தண்ணீர் அந்தக் கல்லுக்குள் இருந்தது, யாருக்காகக் காத்திருந்தது என்று இன்றைக்கும் வியந்துகொண்டிருக்கிறேன்.

சேறு காயாத சேலையோடு கன்னியம்மா எங்களையும் கூட்டிக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள். போனில் மணி கிடைத்ததும், "தோ பாரு, வூட்டப் பூட்டத் தேவையில்ல. நீ கெளம்பி வா" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். மணி அந்தப் பக்கம் ஏதோ கேட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு சொன்ன எடம்னா இன்னா சொல்றது, நேர்ல வந்து லாரிக்காரரக் கேளு."

இன்றைக்கும் யாராவது கூப்பிட்டால் அண்ணன் தேங்காயோடும் நான் மீட்டரோடும் சண்டை போட்டுக்கொண்டேதான் கிளம்புகிறோம். நியாயமாகப் பார்த்தால் எங்கள் கூட்டில் பெரிய பங்கு அந்த டிரைவருக்குத்தான் சேர வேண்டும், நல்லவேளையாக மனிதர் இதுவரை வந்து கேட்கவில்லை.