ஹோஸியா பெட்வே கைத்தடி எடுக்கப் போன கதை

அலபாமாவில் பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுது பார்க்கிற மனிதனுக்கு வாரத்தில் ஐந்து நாள் எரிச்சல் இருந்தால் அது நியாயம். ஹோஸியா பெட்வேக்கு ஏழு நாளும் இருந்தது. மீதி இரண்டு நாள் எரிச்சலை டன்லாப் கல்லூரியின் காளைகள் பார்த்துக்கொண்டார்கள்.

காளைகள் என்பது கல்லூரியில் உள்ள சகோதர சங்கம். மூன்று கிரேக்க எழுத்துகளில் முறையான பெயர் ஒன்றும் உண்டு. அது சட்டை முதுகில் எழுதிக்கொள்ள மட்டும். ஒரு முறை சேர்ந்தால் சாகும்வரை சகோதரன். படிப்பு முடிந்தாலும், தலை நரைத்தாலும், பேரன் பிறந்தாலும் சகோதரன். ஹோஸியா 1969இல் சேர்ந்தார். இப்போது 2004, வயது ஐம்பத்தைந்து. பத்தொன்பது வருடமாக அந்தக் கிளைக்கு ஆலோசகர். சம்பளம் கிடையாது, வாங்கிக் கட்டிக்கொள்வதற்குக் குறைவும் கிடையாது.

"இந்தப் பயலுகள மேய்க்கறதுக்கு நிஜக் காளைங்களையே மேய்ச்சிருக்கலாம்" என்று மனைவி எர்னஸ்டினிடம் புலம்புவார்.

"உன்ன யாரு கட்டிப் போட்டிருக்கா? விட்டுட்டு வா."

"விட்டுட்டா யாரு பாப்பாங்க?"

"அப்ப புலம்பாத. கீரை ஆறுது, சாப்பிடு."

போன வருடம் நடந்ததைக் கேட்டால் யாருக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். காளைகள் உணவுக்கூடத்தில் வரிசையாக ஆடிக்கொண்டே போயிருக்கிறார்கள். எதிரிச் சங்கமான பருந்துகளில் ஒருவன் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்த வரிசைக்கு நடுவே புகுந்து போனான். ஆடுகிற வரிசையை அறுத்துப் போவதும் கன்னத்தில் அறைவதும் இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றுதான். அவன் வேண்டுமென்றே செய்தான், இவர்களும் வேண்டுமென்றே திருப்பிக் கொடுத்தார்கள். பதினோரு மேசை உடைந்தது.

மாணவர்களின் ஒழுங்கைப் பார்க்கிற டீன் காலோவே கத்தவில்லை. அந்த அம்மாள் கத்துகிற ரகம் இல்லை, கடிதம் எழுதுகிற ரகம். காளைகளுக்கு ஒரு வருடம் நிபந்தனைக் காலம். பழைய மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பி வருகிற ஹோம்கமிங் வாரத்தில் நடக்கும் ஸ்டெப் ஆட்டப் போட்டியில், பதிவு செய்த எட்டு மாணவர்களைத் தவிரக் காளைகளின் ஆள் வேறு யார் மேடையில் ஆடினாலும் கிளையை இழுத்து மூட வேண்டியதுதான். ஒரே ஒரு விலக்கு: ஆடினவர் அன்றைக்கே சங்கத்திலிருந்து தன் பெயரை எடுத்துவிட்டால் கிளை பிழைக்கும். ஆனால் அவர் திரும்பச் சேரவே முடியாது.

கடிதத்தை ஹோஸியா இரண்டு தடவை படித்தார். அவருடைய கவலை மாணவர்களைப் பற்றி இல்லை, கிழவர்களைப் பற்றி. ஸ்டெப்புக்குப் பாட்டு கிடையாது, வாத்தியம் கிடையாது. பூட்ஸ் காலால் தரையை உதைத்து, தொடையில் தட்டி, நெஞ்சில் அறைந்து, உடம்பையே மத்தளமாக்குவார்கள். அந்தச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் பழைய சகோதரனுக்கு இடுப்பு வலி, இரத்தக் கொதிப்பு ஒன்றும் நினைவிருக்காது. கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மேடையில் ஏறிவிடுவான். வருடா வருடம் நடக்கிற கூத்து இது. முந்தின வருடம் ஒரு நீதிபதி ஏறிவிட்டு இறங்க முடியாமல் நின்றார். நான்கு பேர் தூக்கி இறக்கினார்கள்.

அதனால் ஒரு சனிக்கிழமை முழுக்க ஹோஸியா தொலைபேசியும் கையுமாக இருந்தார். எழுபது வயதுப் பல் மருத்துவர் ஃபெல்டன் க்ரூவோடு பேசியது இப்படி:

"பெரியண்ணே, இந்தத் தடவை நாற்காலிய விட்டு எந்திரிக்கவே கூடாது."

"நான் எங்கடா எந்திரிக்கப் போறேன். முட்டியில ஆபரேஷன் ஆயிருக்கு."

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க."

"அது இடது முட்டி."

கிழவர்கள் ஒரு பக்கம் என்றால், ஆட்டக் குழுவின் தலைவன் ஜமார்கஸ் மறுபக்கம். கடைசியில் ஆடும் எட்டு எண்ணிக்கைத் துண்டு ஹோஸியா மாணவராக இருந்தபோது கட்டியது. அவரோடு சேர்ந்தவர்களில் அவர் நாலாவது என்பதால் அதற்கு 'நாலாம் நம்பர்' என்றே பெயர். ஐந்தாவது எண்ணிக்கையில் குதிகால் முதலில் விழ வேண்டும், கை பிறகு. ஜமார்கஸுக்குக் கைதான் முதலில் விழும். அவனைப் பார்த்து மற்ற ஏழு பேருக்கும் அப்படியே விழும்.

"குதிகால் முதல்லடா. கை அப்புறம்."

"ரெண்டும் ஒரே நேரத்துலதானே கேக்குது அண்ணே?"

"உனக்குக் கேக்கும். நான் செவிடு இல்ல."

"சரிண்ணே" என்பான். அடுத்த நிமிடமே கை முதலில் விழும். செப்டம்பர் முழுக்க இதே பாடு.

போட்டி வெள்ளிக்கிழமை சாயங்காலம். உள்விளையாட்டரங்கில் இரண்டாயிரம் பேர், வாசலில் பொரித்த மீன் வாசனை. மேடைப் படிக்கட்டின் முன்னால் ஹோஸியா கைகளை விரித்துக்கொண்டு நின்றார். பின்னால் பழைய சகோதரர்கள், நீதிபதி, பல் மருத்துவர், இரண்டு பாதிரியார்கள், எல்லாரும் சாதுவாக உட்கார்ந்திருந்தார்கள். அதை அவர் துளியும் நம்பவில்லை.

பருந்துகள் முதலில் ஆடினார்கள். நடுவில் ஒருவன் சட்டைக்குள் தலையணையைத் திணித்து, கழுத்தில் விசில் தொங்க, இடது காலை இழுத்து இழுத்து நடந்து வந்து மற்றவர்களை விரட்டினான். அவன் நடித்துக் காட்டியது ஹோஸியாவைத்தான். பேருந்து அச்சு விழுந்து நசுங்கிய அந்தக் கால் ஊருக்கே தெரியும். அரங்கம் சிரித்துப் புரண்டது. மூன்றாவது வரிசையில் எர்னஸ்டினும் சிரித்தாள். அதையும் அவர் பார்த்துவிட்டார்.

"அண்ணே, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று ஜமார்கஸ் ஓடி வந்தான். "நாங்களும் அவனுங்கள நாறடிச்சிட்டு வர்றோம்."

"வாய மூடிட்டு உன் ஆட்டத்த ஆடு. அவன் கேலி பண்ணது என் கால, உன் கால இல்ல."

காளைகள் ஆடினார்கள். நன்றாகவே ஆடினார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். பாதியில் பல் மருத்துவர் எழுந்தார். ஹோஸியா ஒரே எட்டில் போய்த் தோளை அழுத்தி உட்கார வைத்தார். நீதிபதி கோட்டைக் கழற்ற ஆரம்பித்தார். பிடித்துத் திரும்ப மாட்டிவிட்டார். அப்போது மேடையில் ஒருவன் ஆட்டத்துக்காக வைத்திருந்த கைத்தடியைத் தரையில் ஓங்கிக் குத்த, அது இரண்டாக முறிந்தது. ஒரு துண்டு உருண்டு ஆட்டத்தின் நடுவே போய் நின்றது. பதினாறு பூட்ஸ் கால்கள் அதைச் சுற்றி இறங்கிக்கொண்டிருந்தன. எவனாவது அதன்மேல் மிதித்தால் கணுக்கால் போய்விடும். விழா ஊழியர்கள் எங்கேயோ வாய் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேறு வழியில்லை. ஹோஸியா ஏறினார், குனிந்தார், எடுத்தார். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆடக் கூடாது என்றுதான் கடிதம் சொன்னது. இறங்கத் திரும்பினார். அந்த நேரம் பார்த்து நாலாம் நம்பர் தொடங்கியது. ஜமார்கஸ் அவருக்கு இரண்டு முழ தூரத்தில் இருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதில், இரண்டாயிரம் பேருக்கு முன்னால், கட்டினவன் கண்ணெதிரிலேயே, அந்தப் பயலுக்குக் கை முதலில் விழுந்தது.

அவ்வளவுதான். ஹோஸியாவிடம் பொறுமை என்று மிச்சம் இருந்தது அங்கேயே தீர்ந்தது.

"டேய், இப்படிடா" என்றார். ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும் காட்டினார். நசுங்கின காலும் நல்ல காலும் அதது விழ வேண்டிய இடத்தில் விழுந்தன. ஐந்தில் குதிகால் அடித்த பிறகுதான் கை வந்தது. எட்டுப் பிள்ளைகளும் அவர் காட்டியதை அப்படியே வாங்கி ஆடினார்கள், ஒரு பிசிறு இல்லாமல். அதன் பிறகு எழுந்த ஆரவாரத்தில்தான் தான் எங்கே நிற்கிறோம் என்பது ஹோஸியாவுக்கு உறைத்தது. கையில் பாதிக் கைத்தடி இருந்தது. நடுவர் மேசையில் டீன் காலோவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாவது ஆள் ஏறியதற்காகப் புள்ளிகளைக் கழித்தார்கள். பருந்துகள் ஜெயித்தார்கள். அது போகட்டும். கிளை இருக்குமா போகுமா என்பது பக்கத்து அறையில், ஒரு படிவத்தின் மேல் இருந்தது.

"மிஸ்டர் பெட்வே, நீங்க உடைஞ்ச குச்சிய எடுக்கத்தானே ஏறினீங்க?" என்று டீன் கேட்டார்.

"ஆமா மேடம்."

"நல்லதுதான் பண்ணீங்க. அத மட்டும் எழுதுங்க. குச்சியை எடுத்தேன், திரும்பும்போது கால் தடுமாறியது, ஆடவில்லை. உங்க கால் விஷயம் எல்லாருக்கும் தெரியும். நானும் கையெழுத்துப் போட்டுடறேன், கிளைக்கும் ஒண்ணும் ஆகாது."

அந்த அம்மாளிடமிருந்து இப்படி ஒரு தயவு வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. பேனாவை வாங்கினார். குச்சியை எடுத்தேன் என்று எழுதினார். அதற்கு மேல் கை ஓடவில்லை. முட்டாள், முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டார். பல் மருத்துவரை அடக்கியாயிற்று, நீதிபதியை அடக்கியாயிற்று, கடைசியில் ஏறி ஆடினது எவன்? சரி, ஆடியாயிற்று. அத்தனை பேர் பார்த்துச் சிரித்த இதே காலால் எட்டும் சுத்தமாக விழுந்தது. அதைத் தடுமாற்றம் என்று கைப்பட எழுதித் தருவதா?

"மேடம், தடுமாறினா எட்டு எண்ணிக்கையும் சரியா விழுமா?"

டீன் குனிந்து அவர் காலைப் பார்த்தார். "விழாது" என்றார்.

"ஆடினேன்" என்று எழுதினார். கீழே விலகல் வரியிலும் கையெழுத்துப் போட்டார். கோட்டில் குத்தியிருந்த காளைச் சின்னத்தைக் கழற்றிப் படிவத்தின் மேல் வைத்தார்.

வெளியே எட்டுப் பேரும் சுவரோரம் நின்றார்கள்.

"என்ன எழுதினீங்க அண்ணே?" என்று ஜமார்கஸ் கேட்டான்.

"நடந்தத எழுதினேன். கிளைக்கு ஒண்ணும் ஆகாது, போங்க."

"குச்சி எடுத்தேன்னு மட்டும் எழுதியிருக்கலாமே அண்ணே."

"முதல்ல இந்த அண்ணேய நிறுத்து. நான் இப்ப வெளி ஆளு. அந்தம்மா காதுல விழுந்தா இன்னொரு கடுதாசி வரும். மிஸ்டர் பெட்வேன்னு கூப்பிடு."

சொல்லிவிட்டு ஹோஸியா வாக்குவாதத்துக்குத் தயாராக நின்றார். ஜமார்கஸ் அவரையே பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"சரி, மிஸ்டர் பெட்வே" என்றான்.

ஒரு தடவையாவது முடியாதுண்ணே என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா அந்தப் பயல் என்று ஹோஸியாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.