கடலைக் காட்டுக்கு வந்த துப்பாக்கி

எங்கள் ஒரே மகன் சங்கரன் இராஜபாளையத்தில் அன்னியத் துணிக்கடை முன்னால் மறியல் செய்து சிறைக்குப் போனான். அந்த வாரமே என் கணவரின் துப்பாக்கி லைசென்ஸை ரத்து செய்து, துப்பாக்கியையும் எடுத்துப் போய்விட்டார்கள். எங்கள் நிலம் தேவதானத்தில் மலையடியில் இருக்கிறது. வெடிச்சத்தம் நின்றதும் காட்டுப்பன்றிகள் இறங்கி, விளைந்த கடலையை எல்லாம் கிளறித் தின்றுவிட்டன.

அடுத்த விதைப்புக்கு முன்னால் லைசென்ஸைத் திரும்பக் கேட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மனு கொண்டுபோனோம். மனுவை வாங்கிய அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

"அந்தப் பயலுக்கும் எனக்கும் எந்த ஒறவும் இல்லன்னு எழுதிக் குடும். நான் சிபாரிசு பண்ணுதேன்."

என் கணவர் பேனாவைப் பிடித்தபடி சும்மா நின்றார். நான்தான் அவரை இடித்தேன்.

"எழுதுங்க. வெறும் எழுத்துதான? எழுதிட்டா நம்ம பிள்ளை இல்லன்னு ஆயிருமா?"

எழுதினார். துப்பாக்கி வீட்டுக்கு வந்தது.

சில மாதம் கழித்து, சங்கரனோடு சிறையில் இருந்த ஒருவர் எங்களைத் தேடி வந்தார்.

"காய்ச்சல்ல போயிட்டாம்மா. ஒங்களுக்குச் சொல்லி விடலையா?"

சிறைக்கு ஓடினோம். அங்கிருந்தவர் காகிதங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"ஒறவு யாரும் இல்லன்னுல்ல இருக்கு? நாங்களே பொதச்சிட்டோம்."

எந்த இடத்தில் என்று அவருக்கும் தெரியவில்லை.

என் கணவர் இதுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

அந்த வருடம் கடலை நன்றாக விளைந்தது. பன்றி ஒரு செடியைக்கூடத் தொடவில்லை.